மாரியாயி பாடாமல் வைத்த வரி

குண்டு விழுந்த ஊர் ஒன்று வேண்டும் என்று தேடிக்கொண்டு சினிமா எடுக்கிற வெள்ளைக்காரர்கள் பூனாகலைத் தேயிலைத் தோட்டப் பக்கம் வந்தார்கள். அதிகம் அலைய வேண்டியிருக்கவில்லை. சின்னக்கல் டிவிசனில், மண்சரிவுக்குப் பிறகு சனங்களை எழுப்பி அனுப்பிவிட்ட தொழிலாளர் வரிசைவீடான பழைய லயம் ஒன்று அப்படியே கிடந்தது. பாதிச் சுவர், காற்று பிடுங்கிப்போன தகரம், கதவில்லாத காம்பரா அறைகள். படத்தின் இயக்குநர் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, எதையும் மாற்ற வேண்டாம், சுவரில் கொஞ்சம் கரி பூசினால் போதும் என்றாராம். எந்த நாட்டுப் படையும் வராமல், ஒரு தோட்டாவும் செலவாகாமல் அந்த லயம் அந்த நிலைக்கு வந்த கதையை அவரிடம் யாரும் சொல்லவில்லை. சொன்னால் படம் வேறு படமாகிவிடும்.

சொல்லியிருக்க வேண்டியவர் கஜேந்திரன். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால் கொமினிகேஷன் வைத்திருப்பவர். போட்டோ கொப்பி, பாஸ்போர்ட் படம், போன் ரீலோட் எல்லாம் வயிற்றுக்கு. மனசுக்கு அவர் பத்திரிகையாளர். கொழும்புத் தமிழ்ப் பேப்பர் ஒன்றுக்குப் பதுளை நிருபர். பள்ளிக்கூட வயசில் டவுன் தியேட்டரில் ஒரு இங்கிலீசுப் படம் பார்த்தார். கழுத்தில் கெமரா தொங்க ஒரு நிருபன் தோட்டாக்களுக்கு நடுவே ஓடிப் போய் ஒரே ஒரு படம் எடுப்பான். அது பேப்பரில் வந்த மறுநாள் சண்டை நின்றுவிடும். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் அவரை விடவில்லை. அந்த நிருபன் போட்டிருந்த மாதிரியே ஏகப்பட்ட பைகள் வைத்த மேல்சட்டை ஒன்றை, வெயிலோ மழையோ, மாட்டிக்கொண்டுதான் திரிவார். பைகளுக்குள் பழைய பஸ் டிக்கட்டும் இருமல் மிட்டாயும் இருக்கும். பஸ் பள்ளத்தில் விழுந்ததையும் கொழுந்து எடுத்தவர்களைக் குளவி கொட்டியதையும் எழுதியே அவருக்குத் தலை நரைத்துவிட்டது. ஒரு சண்டையையும் அவர் நிறுத்தியதில்லை.

ஆகவே, ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளனைப் பற்றிப் படம் எடுக்கிறார்கள், மொழிபெயர்க்கவும் ஆள் பிடிக்கவும் ஒருவர் வேண்டும் என்றதும் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. கதை நடப்பது பெயர் சொல்லாத ஒரு ஏழை நாட்டில். அங்கே சண்டை. அதைப் பற்றி உலகத்துக்குச் சொல்ல இவன் வருகிறான். தோட்டத்துச் சனங்களுக்கு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓடுகிற வேலையும், செத்துக் கிடக்கிற வேலையும் இருந்தன. செத்துக் கிடக்கத்தான் போட்டி அதிகம். மலையில் கூடை சுமக்கிற பாட்டுக்கு, வெயிலில் மல்லாந்து கிடப்பது எவ்வளவோ மேல்.

ஒரே ஒரு வேலை மட்டும் கொஞ்சம் பெரியது. மகனைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி அழ வேண்டும். எப்படி அழ வேண்டும் என்று கஜேந்திரன் கேட்டதற்கு இயக்குநர் தன் நெஞ்சில் இரண்டு கையாலும் அடித்துக் காட்டினார். கஜேந்திரனுக்கு உடனே மாரியாயியின் ஞாபகம் வந்தது. அந்தப் பக்கத்தில் யாராக இருந்தாலும் அவள் ஞாபகம்தான் வந்திருக்கும்.

சுற்றுவட்டத்தில் எந்த லயத்தில் சாவு விழுந்தாலும் மாரியாயி வந்து உட்காராமல் ஒப்பாரி தொடங்காது. அவள் குரல் எடுத்தால் கல்நெஞ்சுக் கணக்கப்பிள்ளைகூட மூக்கைச் சிந்துவார். ஆனால் அதை அவள் விளையாட்டாக எடுத்தவள் இல்லை. தன் வீட்டுக் கூரைக்குக் கீழே ஒரு வரியும் முணுமுணுக்க மாட்டாள். சாவு வீட்டுக்குப் போய் வந்தால், எப்பேர்ப்பட்ட குளிரானாலும், மலைத் தண்ணீர் குழாயில் வந்து விழுகிற பீலியில் தலைமுழுகாமல் காம்பராவுக்குள் கால் வைக்க மாட்டாள். உயிரோடு இருக்கிறவர் பெயரை ஒப்பாரியில் எடுக்கவே மாட்டாள். எல்லாவற்றுக்கும் மேலே அந்தக் கடைசி வரி. செத்தவரின் ஊர், உறவு, குணம், அடையாளம் எல்லாம் சொல்லி அழுது முடித்து, பிரேதத்தைத் தூக்குகிற நேரத்தில் அவள் எழுந்து நின்று வழியனுப்புவாள். 'திரும்பிப் பாக்காம போய் வாய்யா, இனிமே கூப்பிட மாட்டோம்.' அந்த வரி வரும் வரைக்கும் செத்தவர் வாசலில்தான் நிற்பார், அதைக் கேட்ட பிறகுதான் நடப்பார் என்பது லயத்தில் எல்லாருக்கும் நம்பிக்கை. தன் புருஷன் ரெங்கசாமியையும் அவள் அப்படித்தான் அனுப்பிவைத்தாள்.

அந்த மாரியாயி ஒன்றரை வருஷமாக ஒரு சாவுக்கும் போகவில்லை. காரணம் அவள் மகன் துவாரகன். வெலிமடையிலிருந்து லீக்சும் கரட்டும் ஏற்றுகிற லொறி ஓட்டிக்கொண்டு ஒழுங்காக இருந்த பிள்ளை. ரஷ்யாவில் சாமான் கிடங்கு ஒன்றில் டிரைவர் வேலை என்று ஒரு ஏஜென்சிக்காரன் ஆசை காட்டினான். போனவன் முதல் மாதம் குளிரைப் பற்றிப் பேசினான். அடுத்த மாதம், கையெழுத்து வாங்கினார்கள், எதற்கென்று புரியவில்லை என்றான். அதற்கடுத்து ஒரு போட்டோ வந்தது. பட்டாளத்துக் கோட்டும் தொப்பியுமாக, சிரிக்கப் பார்த்துச் சிரிப்பு வராத முகத்தோடு நின்றான். கடைசியாகப் பேசியபோது, “சண்ட நடக்குற எடத்துக்குக் கொண்டுபோறாங்கம்மா. நீ பயப்படாத. நான் லொறிதான் ஓட்டுவேன்,” என்றான். பிறகு போன் அடங்கிவிட்டது.

மாரியாயியும் மகள் சுபாஜினியும் கொழும்பில் ஏறி இறங்காத கந்தோர் இல்லை. விசாரிக்கிறோம் என்றார்கள். ஏஜென்சிக்காரன் கடையைச் சாத்திவிட்டு எப்போதோ போயிருந்தான். கஜேந்திரன் தன் பேப்பருக்கு ஒரு பக்கம் எழுதி அனுப்பினார். வான் விபத்துச் செய்தி ஒன்றுக்குக் கீழே, பெயரைக்கூடச் சரியாகப் போடாமல், நாலு வரி வந்தது. தோட்டத்துப் பாலர் பாடசாலையில் படிப்பிக்கிற சுபாஜினி, வேலை விட்டு வந்ததும் போனில் அந்தச் சண்டை வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்ப்பாள். தாயும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பாள். அண்ணனுடைய முகம் எங்காவது ஒரு மூலையில் வராதா என்பதுதான்.

இப்படி இருக்கிற வீட்டுக்குத்தான் கஜேந்திரன் ஒரு பின்னேரம் சட்டையும் பையுமாக வந்து நின்றார். விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மாரியாயிக்கு முகம் சிவந்துவிட்டது.

“படத்துக்குத்தான் அக்கா. நெசமில்ல,” என்றார் கஜேந்திரன்.

“ஒப்பாரியில நெசம், படம்னு ரெண்டு இருக்கா தம்பி? நான் வாயத் தொறந்தா அது ஒப்பாரிதான். எம் புள்ள இருக்கானா இல்லையான்னே தெரியாம நிக்கிறேன். என்னையப் போயி மகன் செத்துட்டான்னு அழச் சொல்றீங்களே, ஒங்களுக்கே இது அடுக்குமா?”

கஜேந்திரன் கூனிக்குறுகிப் போனார். மன்னிச்சுக்கங்க என்று எழுந்தவரின் கையிலிருந்த போனில் படத்துக் கதாநாயகனின் உருவம் தெரிந்தது. நீலநிறத்தில் தடித்த மேலங்கி, நெஞ்சில் 'பிரஸ்' என்று வெள்ளை எழுத்து, தலையில் இரும்புத் தொப்பி. மாரியாயி அதைப் பார்த்துவிட்டாள். அந்த அங்கியை அவளுக்குத் தெரியும். சுபாஜினி தேடிப் பார்க்கிற வீடியோக்களில் இடிந்த வீடுகளுக்கு முன்னால் நின்று பேசுகிறவர்கள் அதைத்தான் போட்டிருப்பார்கள்.

“இவன் யாரு?”

“இவன்தான் அக்கா படத்துல பத்திரிகைக்காரன். அந்தம்மா அழுகிறதப் பாத்துட்டு, இத ஒலகத்துக்குச் சொல்லாம விட மாட்டேன்னு கெளம்புவான். சுடுவாங்க, பிடிச்சுக் கொண்டுபோயி அடிப்பாங்க. ஒண்ணுக்கும் அசர மாட்டான். கடைசியில பெரிய மேடையில பரிசு வாங்குவான்.” சொல்லும்போதே அவர் கண் மின்னியது.

“அந்தம்மா?”

“எந்தம்மா?”

“அழுதாளே, அவ என்ன ஆனா?”

கஜேந்திரன் பைகளில் ஒன்றிலிருந்து கதைத் தாள்களை எடுத்துப் புரட்டினார். கடைசிவரை புரட்டினார். “அவங்க அதுக்குப் பொறகு கதையில வரலக்கா,” என்றார்.

மறுநாள் மாரியாயி மலைக்குப் போய்விட்டு வந்து, கொழுந்துக் கறை போகக் கை கழுவிக்கொண்டே மகளைக் கேட்டாள். “ஏன்டி சுபா, நெசமான சண்டையிலயும் இந்தச் சட்ட போட்டவனுங்க நிக்கிறானுங்கதானே?”

“நிக்கிறாங்க.”

“அவனுங்க, அவனுங்களப் பத்தின படம் வந்தா பாப்பானுங்களா, மாட்டானுங்களா?”

சுபாஜினிக்குத் தாயின் போக்கு புரிந்துவிட்டது. “அம்மா, அது சினிமாம்மா.”

“சினிமான்னு எனக்குத் தெரியாதா? நடிக்கிறவன் நெசமான ஆளில்ல, அதுவும் தெரியும். பாக்குறவன் நெசமான ஆளுதானே? கந்தோர்க்காரன் கேக்கல, பேப்பர்க்காரன் போடல. சண்ட நடக்குற எடத்துல நிக்கிற ஒருத்தன் காதுல எம் மகன் பேரு விழணும். துவாரகன், ரெங்கசாமி மகன், எடது புருவத்துல வெட்டுத் தழும்பு. அது போதும். அவன் தேட மாட்டானா? படத்துலயே தேடுறான்னா நெசத்துல தேட மாட்டானா?”

“அதுக்கு? உசிரோட இருக்கிற அண்ணன ஒப்பாரியில வச்சுப் பாடப் போறீங்களா? ஒங்க வாயாலயே அவனச் சாகடிக்கப் போறீங்களா?”

மாரியாயிக்கு அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. கழுவிய கையையே மறுபடி கழுவினாள். அவளும் இரவெல்லாம் இதைத்தான் போட்டுக் குழப்பிக்கொண்டு கிடந்தாள். “வழியனுப்புற வரியப் பாட மாட்டேன்டி,” என்றாள் கடைசியில். “அதப் பாடாட்டி அவன் போக மாட்டான். வாசல்லதான் நிப்பான்.”

சுபாஜினி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். படித்த பிள்ளை. இதையெல்லாம் நம்புகிறவள் இல்லை. ஆனால் தாய் அந்த வரியைப் பாட மாட்டாள் என்றதும் அவளுக்கும் மூச்சு வந்தது.

கஜேந்திரனிடம் மாரியாயி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். தான் பாடுவதை இங்கிலீசில் எழுதிக் காட்டுவார்களா? அவர் போய்ப் படக்காரர்களிடம் கேட்டார். தேநீர் குடித்துக்கொண்டிருந்த உதவி இயக்குநர் பெண், எல்லாவற்றுக்கும் திரையில் கீழே எழுத்துப் போடுவோம், இது என்ன கேள்வி என்றாள். அந்தம்மா என்ன வேண்டுமானாலும் பாடலாமா என்றார். என்ன வேண்டுமானாலும் பாடலாம், உணர்ச்சி இருந்தால் சரி என்றாள். கஜேந்திரன் ஏதோ தானே பரிசு வாங்கியவர் போல ஓடி வந்தார். “பத்திரிகைக்காரன் பத்திரிகைக்காரன் படத்தப் பாக்காம இருப்பானா அக்கா? ஒலகத்துல இருக்கிற அத்தன பேரும் பாப்பான். நான் சொல்றேன், பாடுங்க.” மனிதர் பொய் சொல்லவில்லை. மனசார நம்பினார். அதுதான் வினை.

படப்பிடிப்பு அன்று பனிமூட்டம் இல்லாத காலை. கரி பூசிய லயத்து வாசலில் மாரியாயியை உட்கார வைத்தார்கள். செத்த மகன் என்று வெள்ளைத்துணி சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து மடியில் கிடத்தினார்கள். பதுளைத் துணிக்கடை வாசலில் சேர்ட் போட்டு நிறுத்தியிருக்கிற பிளாஸ்டிக் பொம்மை. துணி விலகியபோது கூர்மூக்கும் நீலக்கண்ணும் தெரிந்தன. அவளுக்கு அதைப் பார்த்து ஆறுதலாகத்தான் இருந்தது. என் பிள்ளைக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று நினைத்துக்கொண்டாள். சுற்றிலும் தோட்டத்துச் சனங்கள் சிவப்புச் சாயம் பூசிக்கொண்டு செத்துக் கிடந்தார்கள். நீல அங்கி போட்ட நடிகர் கெமராவோடு அவளுக்கு எதிரே மண்டியிட்டார். இயக்குநர் கையைக் காட்டினார்.

மாரியாயி பொம்மையின் தலையை அணைத்துக்கொண்டு குரலை எடுத்தாள்.

“பூனாகல மண்ணுல பொறந்த மகன் துவாரகா,
ரெங்கசாமி பேரு சொல்ல இருந்த மகன் துவாரகா,
எடது புருவத்துல கவ்வாத்துக் கத்தி வெட்டு,
அடையாளம் பாத்தவங்க ஆராச்சும் சொல்லுங்கய்யா.
ரசியா தேசத்துல ராணுவத்துச் சட்ட மாட்டி
பனிக்குள்ள நிக்கிறானோ, படுத்துத்தான் கெடக்குறானோ,
சண்டையில நிக்குறவுக, சட்ட போட்ட பேப்பருக்காரு,
கண்டவுக சொல்லுங்கய்யா, காதுகுடுத்துக் கேளுங்கய்யா.”

ஒன்றரை வருஷம் அடக்கிவைத்த குரல். மலைமுழுக்கக் கேட்டது. செத்துக் கிடந்தவர்கள் எல்லாருக்கும் துவாரகனைத் தெரியும். அவன் லொறியில் ஓசியாக ஏறி வெலிமடைக்குப் போனவர்கள்தானே. பெயரைக் கேட்டதும் பிணங்கள் ஒவ்வொன்றாக அழத் தொடங்கின. ஒரு பிணம் எழுந்து உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்தது. இயக்குநர் 'கட்' என்று கத்தினார். பிணங்கள் அழக்கூடாது என்று கஜேந்திரன் மொழிபெயர்த்துச் சொன்னார். சொன்ன அவர் குரலும் உடைந்திருந்தது.

மறுபடி எடுத்தார்கள். மறுபடியும். வெளிச்சம் போதவில்லை, காற்று அடித்தது, நடிகரின் தொப்பி சரிந்தது. ஒவ்வொரு தடவையும் அவள் முதலிலிருந்து பாடினாள். மகனின் பெயரும் அடையாளமும் ஒன்றும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்டாள். ஒவ்வொரு தடவையும் கடைசி வரிக்கு வெகு முன்னாலேயே 'கட்' என்றார்கள். அந்தச் சொல்லைக் கேட்கிற போதெல்லாம் அவளுக்கு நெஞ்சில் பால் வார்த்தது போல இருந்தது. தானாக நிறுத்தத் தேவையில்லாமல் சாமியே நிறுத்துகிறது என்று நினைத்தாள்.

முடிந்ததும் நடிகர் வந்து அவளைக் கட்டிக்கொண்டார். அவர் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் நின்றது. மாரியாயி இடுப்பிலிருந்து துவாரகனின் போட்டோவை எடுத்துக் காட்டி, “எம் மகன். துவாரகன்,” என்றாள். “துவாரகன்,” என்று அவர் திருப்பிச் சொன்னார். அந்தப் பெயர் ஒரு வெள்ளைக்காரன் வாயில், அதுவும் அந்த அங்கியைப் போட்டவன் வாயில், எழுத்துப் பிசகாமல் வந்ததைக் கேட்க அவளுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இதைவிட என்ன வேண்டும்? சுபாஜினியிடம் அதைப் பத்துத் தரம் சொல்லியிருப்பாள். அன்று மாலை வீட்டுக்குள் போகுமுன் பீலியடியில் கொஞ்சம் நின்று யோசித்தாள். தலைமுழுகினால் சாவு நடந்ததாகிவிடும். கால் கையை மட்டும் கழுவிக்கொண்டு உள்ளே போனாள்.

பிறகு காத்திருப்புத்தான். மழை வந்தது, போனது. கவ்வாத்து வெட்டிய மலையில் தேயிலை மறுபடி துளிர்த்தது. கொழும்புக் கந்தோர்களில் ஆட்கள் மாறினார்கள். புது ஆட்களும் விசாரிக்கிறோம் என்றார்கள். மாரியாயி முன்னைப் போல இடிந்துபோய் இருக்கவில்லை. “படம் வரட்டும்,” என்பாள். யார் என்ன கேட்டாலும் அதுதான் பதில். லயத்துச் சனங்களும் அப்படியே சொல்லப் பழகிவிட்டார்கள். சுபாஜினி மட்டும் வாய் திறக்க மாட்டாள். தாய் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள். அதைக் கெடுப்பானேன் என்றிருந்தாள்.

படம் வந்துவிட்டதென்று ஒரு சனிக்கிழமை கஜேந்திரன் போன் பண்ணினார். இன்டர்நெட்டில் பார்க்கலாமாம். தாயும் மகளும் காலை பஸ்ஸில் பண்டாரவளைக்குப் போய், அங்கிருந்து பதுளைக்குப் போனார்கள். மாரியாயி திருவிழாவுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தாள். கஜேந்திரன் கொமினிகேஷனின் கதவைப் பாதி இழுத்துவிட்டு, கொப்பி மெஷினுக்குப் பக்கத்தில் மூன்று கதிரை போட்டு வைத்திருந்தார். தேநீரும் வடையும் வாங்கியிருந்தார். அவரும் இன்னும் பார்க்கவில்லை, சேர்ந்து பார்க்க வேண்டும் என்று வைத்திருந்தாராம்.

படம் ஓடியது. பூனாகலை மலை வந்தது, வேறு ஏதோ நாடாக. கஜேந்திரன் ஆள் ஆளாகக் காட்டினார். அந்தா ஓடுறது ஷஹீலா, அந்தா செத்துக் கிடக்கிறது நம்ம சந்திரகாந்தி. பத்திரிகையாளன் நெருப்புக்குள் ஓடினான், சுவரேறிக் குதித்தான், கண்ணாடியில் தன் முகத்தை நெடுநேரம் பார்த்தான். இரவில் தனியாகக் குடித்தான். அவனுடைய கஷ்டங்களுக்குக் குறைவில்லை. யாருடைய சண்டை, எதற்குச் சண்டை என்பதுதான் கடைசிவரை தெரியவில்லை.

பிறகு மாரியாயி வந்தாள். கரி பூசிய வாசல், மடியில் வெள்ளைத்துணி. அவள் கதிரையின் நுனிக்கு வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். திரையில் அவள் வாய் திறந்தது.

குரல் வரவில்லை. வயலின் வந்தது. அவள் வாய் திறந்து மூடித் திறந்தது. கைகள் நெஞ்சில் விழுந்தன, சத்தமில்லாமல். கீழே எழுத்து ஒன்றும் ஓடவில்லை. இப்போது வரும், இப்போது வரும் என்று மூன்று பேரும் பார்த்திருக்க, கெமரா அவளை விட்டுத் திரும்பி நீல அங்கிக்காரனின் முகத்துக்குப் போனது. அவன் கண்ணில் ஒரு துளி திரண்டு கன்னத்தில் இறங்கியது. அது இறங்கி முடியும் வரைக்கும் கெமரா அங்கேயே நின்றது. வயலினுக்கு மேலே அவன் குரல் இங்கிலீசில் பேசியது. எழுத்தும் வந்தது, அவன் பேச்சுக்கு.

கஜேந்திரனுக்கு முகம் வெளிறிவிட்டது. நிறுத்தக் கை நீட்டினார். “இருக்கட்டும் தம்பி,” என்றாள் மாரியாயி. பிறகு மகளிடம் கேட்டாள். “என்னடி சொல்றான்?”

சுபாஜினி ஒரு பொய் சொல்லியிருக்கலாம். உங்க மகன் பெயரைச் சொல்கிறான் என்று சொல்லியிருந்தால் தாய்க்கு இன்னும் ஒரு வருஷம் ஓடியிருக்கும். அவளுக்கு அந்த நேரத்தில் வந்த ஆத்திரத்தில் பொய் வரவில்லை.

“'இந்தப் பொம்பள என்ன சொன்னான்னு எனக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்ல. வேதனைக்குப் பாஷை கெடையாது.' அப்படிச் சொல்றான்மா.”

திரையில் அவன் ஜீப்பில் ஏறிப் போய்க்கொண்டிருந்தான்.

“தெரியலன்னா கேட்டிருக்கலாமே,” என்றாள் மாரியாயி. “பக்கத்துலதானே நின்னான். எம் மகன் பேரச் சொன்னேன். அவனும் சொன்னானே.”



அவள் படத்தைக் கடைசிவரை பார்த்தாள். கதாநாயகன் உயிர் தப்பி ஊருக்குப் போனான். பெரிய மண்டபத்தில் பரிசு கொடுத்தார்கள். மேடையில் அவனுக்குப் பின்னால் ஆளுயரத்துக்கும் பெரிதாக ஒரு போட்டோ மாட்டியிருந்தது. மாரியாயிதான். வாய் திறந்தபடி இருந்தாள். எல்லாரும் எழுந்து நின்று அவனுக்குக் கை தட்டினார்கள்.

“நான் அவங்களுக்கு எழுதுறேன் அக்கா. இது அநியாயம். இன்னிக்கே எழுதுறேன். நம்ம பேப்பருக்கும் எழுதுறேன்,” என்றார் கஜேந்திரன். முப்பது வருஷமாகத் தான் எதை மாட்டிக்கொண்டு திரிந்தோம் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். அவள் முகத்தை அவரால் பார்க்க முடியவில்லை.

“எழுதுங்க தம்பி,” என்றாள் மாரியாயி. கோபமாகச் சொல்லவில்லை. அழுகிற குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னாள். வடையை யாரும் தொடவில்லை.

பஸ்ஸில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டே வந்தாள். சுபாஜினி இரண்டு மூன்று தரம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தாள். தாய் மனசுக்குள் கணக்குப் பார்க்கிறாள் என்று அவளுக்குத் தெரிந்தது. பெற்றவள் செய்யக்கூடாத காரியத்தைச் செய்தாயிற்று. உயிரோடு இருந்த பிள்ளையின் பெயரைச் சாவுப்பாட்டில் எடுத்தாயிற்று, ஒரு தரமல்ல, ஒரு பகல் முழுக்க. ஒருவன் காதிலாவது விழும் என்றுதான் எடுத்தாள். ஒருவன் காதிலும் விழவில்லை. பெயர் காற்றோடு போய்விட்டது, பாடிய பாட்டு மட்டும் பாடியதாகவே இருக்கிறது, வழியனுப்பாத பிள்ளை இன்னும் வாசலிலேயே நிற்கிறான்.

லயத்துக்கு இறங்குகிற பாதையில் வெயில் தாழ்ந்திருந்தது. பீலியடிக்கு வந்ததும் மாரியாயி நின்றாள். “நீ போயி அடுப்ப மூட்டு. நான் வாறேன்,” என்றாள்.

சுபாஜினி அடுப்பில் கேத்தலை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது குரல் கேட்டது. பூனாகல மண்ணுல பொறந்த மகன் துவாரகா. பக்கத்துக் காம்பராக்களில் பேச்சு நின்றது. ரேடியோவை யாரோ அணைத்தார்கள். ரெங்கசாமி பேரு சொல்ல இருந்த மகன். புருவத்துத் தழும்பு வந்தது, பனி வந்தது. படத்துக்குப் பாடியபோது வராததெல்லாம் வந்தது. அவன் நடக்கப் பழகிய, கொழுந்து நிறுக்கிற மடுவத்து வாசல், அவன் லொறியின் ஹோர்ன் சத்தம், தங்கச்சிக்கு அவன் வாங்கி வந்த சப்பாத்து. பெண்கள் ஒவ்வொருவராக வாசலுக்கு வந்து நின்றார்கள். யாரும் பீலிப் பக்கம் போகவில்லை. அங்கே 'கட்' என்று சொல்ல ஆளில்லை. பாட்டு அந்த இடத்தையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

இங்கே நிறுத்திவிடுவாள், இதோ நிறுத்திவிடுவாள் என்று சுபாஜினி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சாமி, நிறுத்தச் சொல்லு என்று, கும்பிடாத பிள்ளை கும்பிட்டாள்.

“திரும்பிப் பாக்காம போய் வாய்யா,
இனிமே கூப்பிட மாட்டேன்.”

பிறகு தண்ணீர் தலையில் விழுகிற சத்தம் வெகுநேரம் கேட்டது.

மாரியாயி நனைந்த சேலையோடு வந்தாள். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. வாசலில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. வாசற்படியில் நின்று மகளைப் பார்த்தாள்.

“சுபா, தலமுழுகிட்டேன். நீயும் கூடப்பொறந்தவ. போயி முழுகிட்டு வா.”

ஒரு செய்தியும் வரவில்லையே அம்மா, யார் சொன்னது, எப்படிச் சொல்வீங்க என்றெல்லாம் சுபாஜினிக்கு நெஞ்சில் முட்டியது. தாயின் முகத்தைப் பார்த்தாள். கொடியில் கிடந்த துண்டை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போனாள்.